தூணின் கடைசிப் பெயர்

மாமனாரின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் வேட்டிக் கிழிசலால் சேர்த்துக் கட்டி முடிச்சை இறுக்கும்போது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காளீஸ்வரி நிமிர்ந்தாள்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தங்கசாமி. வீரர் நினைவுத்தூண் கமிட்டித் தலைவர். சாயங்காலத் திறப்பு விழாவுக்குக் காலையிலேயே பட்டு அங்கவஸ்திரம் போட்டுத் திரிந்தவர், எழவு வீடு என்பதால் அதை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். அவ்வளவு துக்கம்.

"சோலைமுத்து அண்ணாச்சி இன்னைக்குப் பாத்தா போகணும்?" என்றார், செத்தவர் அழைப்பிதழைப் பார்க்காமல் செத்துவிட்ட மாதிரி. "நாலு மணிக்கு மந்திரி வாராவ. நீங்க ஓடைப் பாதையாக் கொண்டு போயிருங்கம்மா."

அந்த ஊரில் எந்தப் பாடையும் முச்சந்தி முக்கில் இறக்கி, தலைமாடு கால்மாடு திருப்பி வைத்த பிறகுதான் இடுகாட்டுக்குப் போகும். பெண்கள் அதோடு வீடு திரும்புவார்கள். கமிட்டி தூணை நட்டிருந்ததும் அதே முக்கில்தான்.

"விழா நடக்குற எடத்துல பொணம் வந்தா நல்லாவா இருக்கும்?"

"தூணுல பேரு போட்டிருக்கவிய எல்லாம் உசுரோடயா இருக்காவ அண்ணாச்சி?"

தங்கசாமி அங்கவஸ்திரத்தைக் கக்கம் மாற்றினார். "சரி, மூணு மணிக்காச்சும் தாண்டிருங்க."

தூணில் மந்திரி பெயர் முழ எழுத்தில் இருந்தது. அடுத்து தங்கசாமி, பட்டங்களோடு. பிறகு கமிட்டிக்காரர்கள் பதினோரு பேர். மிச்சமிருந்த இடத்தில், பதவி வரிசைப்படி, செத்துப்போன நான்கு பேர். எல்லைப் பனியில் போன பேச்சிராஜா, காளீஸ்வரியின் புருஷன், வெறும் சிப்பாய். அதனால் அடியோரம் கடைசி.

கண்ணில் புரை விழுந்த சோலைமுத்துவுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. கல் நட்ட நாளிலிருந்து தினமும் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, மகன் பெயரை விரலால் எழுத்துக் கூட்டிவிட்டு வருவார்.

நேற்றுச் சாயங்காலம் திரும்பி வந்தவர், "ஏட்டி காளி, அவன் பேரக் காணல," என்றார்.

"கண்ணு தெரியாம எங்கனயோ தடவிட்டு வந்து பேசுதீய. சோத்தத் தின்னுட்டுப் படுங்க மாமா."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. விடிந்ததும் எழுப்பப் போனவள், காப்பி ஆறும்வரை டம்ளரோடு நின்றாள்.

மூன்று மணிக்குப் பாடை முக்குக்கு வந்தது. "ஏலே, மெதுவா எறக்குங்கலே," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சங்கு நின்றது.

காளீஸ்வரி தூணைப் பார்த்தாள். மந்திரி, தங்கசாமி, கமிட்டி, அப்புறம் மூன்று பெயர். அதற்குக் கீழே பளபளவென்று டைல்ஸ். முந்தாநாள் மழையில் ஊரெல்லாம் கரிசல் சேறு. மந்திரியின் செருப்பில் அப்பிவிடக் கூடாதென்று நேற்று மத்தியானம் தூணைச் சுற்றித் தரையை அரை அடிக்குக் காங்கிரீட் போட்டு ஏற்றி ஒட்டியிருந்தார்கள்.

குழி வெட்டிவிட்டு வந்து கூட்டத்தில் நின்ற இசக்கிதுரையின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினாள்.

"ஏம்மா, என்ன செய்யுத? மந்திரி வந்துட்டிருக்காவ!" தங்கசாமி பந்தலிலிருந்து ஓடிவந்தார். பாடையைச் சுற்றி நின்றவர்கள் யாரும் அவருக்கு விலகவில்லை.

காங்கிரீட் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. நாலாவது குத்தில் பெயர்ந்தது. பாடையோடு வந்த செம்புத் தண்ணீரை ஊற்றி முந்தானையால் துடைத்தாள். 'சிப்பாய் பே' வரை தெரிந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டினாள்.

பாடையைத் திருப்பி வைத்தாயிற்று. "தூக்கலாமாம்மா?" என்றார் இசக்கிதுரை.

"பொறுங்க."

பாடையருகே குத்தவைத்து உட்கார்ந்து, காலையில் மாமனாரின் விரல்களில் தான் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.