எல்லோருக்கும் இருபது

விடியற்காலை ஐந்து மணி. மூன்றாம் வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள், இரண்டு நர்சுகள், ஒரு கம்ப்யூட்டர். இதில் மரியாதையாக நடத்தப்படுவது கம்ப்யூட்டர் மட்டும்தான். அதற்குத் தனி ஏ.சி. உண்டு.

ஆஸ்பத்திரி முழுக்கப் பெரியக்கா என்றழைக்கும் மூத்த நர்ஸ், சிறுநீர்ப் பைகளைக் காலி செய்து, கை கழுவி, பதினோராம் கட்டிலில் நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருட உத்தியோகம் அவள் இடுப்பில் குடியேறியிருந்தது. கூட இருந்தவள் கண்ணாடிக்காரி. தடித்த மூக்குக் கண்ணாடி, வீட்டில் இரண்டு பிள்ளைகள், சுருக்கென்ற வாய்.

ஆறு மணிக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் திரையில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றினால் கட்டம் பச்சை, விட்டால் சிவப்பு. முதல் மூன்றுக்கும் கருவி இருந்தது. மூச்சுக்குக் கண்தான். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கு முப்பத்திரண்டு நிமிடம். அந்த முப்பத்திரண்டு நிமிடத்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் இருபது. இருபது சமர்த்தான எண்: அலாரம் அடிக்காது, டாக்டரைக் கூப்பிடாது.

"அக்கா, ஏழாம் கட்டில் கொஞ்சம் வேகமா இழுக்கிற மாதிரி இருக்கு."

வாந்தியெடுத்த கிழவரின் தலையைத் தாங்கியபடி பெரியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு நிமிஷம்தான் இருக்குடி. இப்போதைக்கு இருபது போடு. திரும்பி வந்து பாக்கலாம்."

திரும்பி வர முடியவில்லை. ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார், இன்னொருவருக்கு ஊசி பிடுங்கிக்கொண்டது, பிறகு ஷிப்ட் மாறிவிட்டது. பகல் நர்ஸ் திரையைப் பார்த்தாள்: பச்சை. டாக்டர் தம் அறையிலிருந்தே பார்த்தார்: பச்சை. ஏழாம் கட்டில் கொத்தனார் மத்தியானம் இரண்டு மணிக்குப் பச்சையாகவே செத்துப்போனார்.

விசாரணையை நடத்தியவர் நிர்வாக அதிகாரி. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, நின்றால் உட்கார்ந்தால் ஒரு முக்கோணத்தை வரைந்துகாட்டுவார். அடியில் தரவு, அதன்மேல் தகவல், அதன்மேல் அறிவு, உச்சியில் ஞானம். நர்சுகள் அவருக்கு முக்கோணம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நர்சுகளுக்கு அவர் நடத்திய வகுப்பில் கண்ணாடிக்காரி, "சார், அந்த உச்சியில யாரு உக்காந்திருக்கா?" என்று கேட்டுவிட்டாள். அவர் தம் டையைத் தடவிக்கொண்டு, "நிர்வாகம்" என்றார். அன்றைக்கு அடக்கிய சிரிப்பில் நாலு பேருக்கு விக்கல் வந்தது.

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தரவு பொய் சொல்லாதும்மா," என்று கண்ணாடிக்காரியைக் காட்டினார் முக்கோணம். "இந்த இருபது இவங்க லாகின்லேர்ந்து வந்திருக்கு. இவங்கள சஸ்பெண்ட் பண்றேன்."

"போடச் சொன்னது நான் சார். என் பேரையும் எழுதுங்க," என்றாள் பெரியக்கா.

"வாயால சொன்னதுக்கு சிஸ்டத்துல எடம் கிடையாது."

"நாலு பேர் பாத்த வார்டு சார் இது. ரெண்டாக்கிட்டீங்க."

"நானாவா ஆக்கினேன்?" அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. நாலு பேர் இருந்தப்பவும் பச்சை. மூணு பேராக் கொறச்சேன், அப்பவும் பச்சை. ரெண்டு பேர், அதே பச்சை. அப்புறம் எதுக்கு நாலு பேர்?"

பெரியக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனிதர் முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொல்லியிருந்தார், அது உண்மையென்று தெரியாமலே.

வெளியே பெஞ்சில் கொத்தனாரின் மனைவி இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருந்தாள். "கம்ப்யூட்டர்ல மூச்சு சரியா இருந்ததுன்னு காட்டினாங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணும் புரியலை."

பெரியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் எழுந்துபோயிருக்கலாம். "அது பொய்ம்மா. அன்னிக்கு யாரும் எண்ணல. எண்ணாமலே போடச் சொன்னவ நான்."

அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. வார்டுக் கதவைக் காட்டி, "இன்னிக்கு உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு எண்ணினீங்களா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் உடை மாற்றும் அறையில் எல்லா வார்டு நர்சுகளும் நெருக்கியடித்து நின்றார்கள்.

"நம்ம ஆளுங்கள வெட்டினது முக்கோணம்னு நெனச்சேன்," என்றாள் பெரியக்கா. "நாம போட்ட இருபதுதான்டி வெட்டியிருக்கு. ரெண்டு பேரால முடியும்னு தெனமும் நாமளே எழுதிக் கொடுத்திருக்கோம். நாளைலேர்ந்து எண்ணினதை மட்டும் போடுவோம். மோசமா இருக்கிறவங்கள மொதல்ல எண்ணுவோம். முடியாததைக் காலியா விட்டுருவோம்."

"காலியா விட்டா செவப்பு. செவப்பானா மெமோ," என்றாள் குழந்தைகள் வார்டுக்காரி.

"எல்லா வார்டும் செவப்பானா?"

"எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ணிட்டு ஞானம் வந்து பெட்பேன் வைக்கட்டும்," என்றாள் மூலையிலிருந்த கண்ணாடிக்காரி. சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. குழந்தைகள் வார்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனு எழுதுங்கக்கா. இவளைத் திரும்ப எடுக்கணும், வார்டுக்கு நாலு பேர் வேணும். மொதல் கையெழுத்து என்னோடது," என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்றாம் வார்டில் பதினான்கு கட்டங்கள் நிரம்பின, பதினெட்டு காலி. திரை சிவந்தது. ஆறரைக்கு முக்கோணம் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா இது! ஆஸ்பத்திரி பூரா செவப்பு!"

பெரியக்கா ஒரு விரலை உயர்த்தினாள். பத்தொன்பதாம் கட்டில் பெண்ணின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காகவும் காத்திராத அந்த மனிதர், முக்கால் நிமிடம் வாயைத் திறந்தபடியே காத்து நின்றார்.

"நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு," என்று சொல்லி ஏற்றினாள். அலாரம் அலறியது. மாடியிலிருந்து டாக்டர் செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்க சார், ஆக்சிஜன் வரணும்," என்றாள் பெரியக்கா முக்கோணத்திடம்.

சுவரோடு ஒட்டி நின்ற முக்கோணத்தின் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. பிரசவ வார்டு, அறுவை வார்டு, குழந்தைகள் வார்டு.

"பத்து மணிக்கு எல்லாரும் என் ரூமுக்கு வரணும். ஒருத்தர் வேலையும் நிலைக்காது, சொல்லிட்டேன்."

"எல்லாருமா? ரூம் பத்தாது சார். பகல் ஷிப்ட் நோயாளிங்களப் பாத்துக்கும், நாங்க அத்தனை பேரும் வராண்டாவுல உக்காந்துக்கறோம்."

பத்து மணிக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முழங்கால் வேறு வலித்தது. ஜன்னலுக்கு வெளியே, ஷிப்ட் இல்லாத நர்சுகள் கண்ணாடிக்காரியை நடுவில் நடத்திக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். பெரியக்கா இருபதாம் கட்டிலருகே போய், போர்வையை நெஞ்சிலிருந்து சற்றே விலக்கி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.