ஓரடிக் குழாய்

விடியற்காலைப் பனியில் பன்னிரண்டு பேர், கொங்கிறீட்டை உடைத்தெடுத்த இடத்தில், பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி கல்லில் படும்போதெல்லாம் முழங்கைவரை விறுவிறுத்தது. ஆண்கள் வெட்ட, பெற்றீசியாவும் மூன்று பெண்களும் சேற்றைக் கூடையில் அள்ளி மேலே கொடுத்தார்கள். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக்கூட யாரும் நிற்கவில்லை. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும்.

பாதைக்கு நேர் கீழே ஆறாம் நம்பர் லயம்; தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அதில் ஒற்றை அறை கொண்ட கடைசிக் காம்பரா பெற்றீசியாவுடையது. முன்பெல்லாம் மேல்மலைத் தண்ணீர் மண்ணிலேயே ஊறிப்போகும். பழைய பங்களாவை உல்லாச விடுதியாக்கி, அதற்குக் கொங்கிறீட் பாதையும் போட்டார்கள். அதன்பிறகு ஒரு சொட்டும் ஊறுவதில்லை. போன வாரம் ஒரு மணிநேர மழைதான். பாதையோர வடிகாலான கான் நிரம்பி வழிந்து, தண்ணீர் அவள் பின்சுவரில் மோதியது. சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு. அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே அவள் மகளை ஒரு நிமிஷமும் உள்ளே தனியாக விடுவதில்லை.

தண்ணீரை லயத்துப் பக்கம் விடாமல், வளைவிலேயே பாதைக்கு அடியால் ஓடையில் இறக்கிவிடக் குழாய் பதிக்கிறார்கள். பிரதேச சபையின் புது விதிப்படி, இப்போது பெய்கிற மழைக்கு மூன்றடிக் குழாய் வேண்டும். சபை எஞ்சினியர் வந்து விளக்கிச் சொல்லிவிட்டும் போனார். தோட்டத்து லொறியில் வந்து இறங்கியதோ ஓரடிக் குழாய்.

வேலைக்குத் தலைமை பார்த்த சுதாகரன் குழாயின் வாயைச் சாணால் அளந்துகொண்டிருக்கும்போதே தோட்ட நிர்வாகியான தொரையின் ஜீப் வந்து நின்றது.

"ஏன் நிக்கிறீங்க? எறக்கி மூடுங்க."

"இது பத்தாதுங்க தொர. புது விதியில மூணடி."

"அது டவுன் வீதிக்கு. இது தோட்டம். பழைய பிளானே போதும்."

"பிளான் அப்ப போட்டதுங்க. இப்ப பெய்யுறது வேற மழைங்க."

தொரையின் முகம் சிவந்தது. "மழை மேல பழி போடாத. கான அடைச்சது உங்க வெறகு. யார் அடுக்கினது? பேரச் சொல்லு. அவங்க காம்பராவ விட்டு எறங்கட்டும்."

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை ஈரமண்ணில் படாமல் கானுக்குக் குறுக்கே அடுக்கிக் காயவைப்பது லயத்தில் எல்லாரும் செய்வதுதான். போன வாரம் மழை இழுத்துப்போய் அடைத்தது பெற்றீசியாவின் விறகை. அது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

சொன்னால் அவள் காம்பரா போகும்; மகளோடு எங்கே போவாள்? சொல்லாவிட்டால் பழி முழுக்க விறகின் மேல் விழுந்து, ஓரடிக் குழாய் மண்ணுக்குள் போய்விடும்.

"நான்தாங்க," என்றாள். "என் வெறகுதாங்க. தப்புத்தான். இப்பவே எடுத்துர்றேன். எங்க தப்ப நாங்க திருத்திக்கிறோம். ஒங்க குழாய நீங்க திருத்துங்க."

"காம்பராவக் காலி பண்ணு! மத்தவங்க மூடுங்க. மூடாதவங்களுக்கு இன்னிக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல."

சுதாகரன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "மூட மாட்டோங்க. வெட்டின கெடங்கு தொறந்தே கெடந்தா தண்ணி தன்னால ஓடைக்குப் போயிரும். ஒங்க விடுதிக்கு வர்ற வேன்தான் போகாது. மூணடிக் குழாய் வரட்டும், அரை நாள்ல மூடிக் குடுக்குறோம். பெற்றீசியாவ எறக்கணும்னா ஆறாம் நம்பர் மொத்தத்தையும் எறக்குங்க."

"பொலிஸோட வர்றேன்."

ஜீப் திரும்பியது. மலைக்குப் பின்னால் இடி உருண்டது. பிறகு பன்னிரண்டு பேரும் கானோரம் வரிசையாக நின்று, விறகைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே போட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. செந்தண்ணீர் கான்வழி பாய்ந்து வந்து, கிடங்கில் திரும்பி, ஓடையில் விழுந்தது. லயத்துப் பக்கம் போகவில்லை. பெற்றீசியா கிடங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குண்ணே."

"எனக்கு மட்டும் இல்லியா?" என்றான் சுதாகரன்.

கீழே ஜீப்புக்குப் பின்னால் இன்னொரு வண்டியின் வெளிச்சம் ஏறி வந்தது. மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். மழைக்குத் தலையில் போட்ட கொங்காணியோடு, வழுக்குகிற படிகளில் ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள். முதலில் வந்த நிஷாந்தி கூடையை இறக்கி வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா," என்றாள். "பின்னால நாப்பது பேர் வர்றாங்க."