மஞ்சள் விழாத தபால்தலை

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அக்காவுக்குப் பதினோரு வயதில் பிடித்த கிறுக்கு, தபால்தலை. அதிலும் கலங்கரை விளக்கம் போட்டவை மட்டும்தான். முப்பது வருடத்தில் நானூற்றுச் சொச்சம் சேர்த்திருந்தாள். தங்கை சேர்க்கத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. கப்பல் கம்பெனியில் கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. வெளிநாட்டு உறைகள் தானாகவே குப்பைக்கூடைக்கு வந்து சேரும். "அதிர்ஷ்டத்துக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டுக் குடுத்திருக்காங்க" என்று அக்கா கடையில் சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதிதான் சிரிப்பு.

ஒரு ஞாயிறு காலை தங்கை ஓர் உறைத்துண்டோடு வந்தாள்.

"இதைக் கொஞ்சம் பாரேன்க்கா. விளக்கு எரியவே இல்ல."

அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கோபுரத்தின் சிவப்புப் பட்டை பளிச்சென்று இருந்தது. கடலின் நீலமும் குறையவில்லை. விளக்கிலிருந்து பாய வேண்டிய மஞ்சள் மட்டும் அச்சில் விழவே இல்லை. இப்படியொரு அச்சுப்பிழைக்காக எத்தனை பேருக்குக் கடிதம் எழுதியிருப்பாள்! வயிறு பற்றி எரிந்தது.

"வெயில் பட்டு வெளுத்திருக்குடி" என்றாள் வாய் கூசாமல். "மஞ்சள்தான் முதல்ல போகும். புதுசா சேர்க்கிறவங்க எல்லாரும் ஏமாறுற இடம் இது."

தங்கையின் முகம் சுண்டிப்போனது. உடனே தேறிக்கொண்டாள். "சரி, நீயே வச்சுக்கோ. கலங்கரை விளக்கம் உன் கட்சியாச்சே."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, உறைக் காகிதம் விலகியதும் தபால்தலையை இடுக்கியால் தூக்கி உலர்த்தினாள். ஆல்பத்தில் இடமும் ஒதுக்கினாள். ஆனால் யாரிடம் காட்டுவது? சேகரிப்போர் சங்கத்தில் அத்தனை பேரும் தங்கைக்கும் சிநேகிதர்கள். கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். நாலாம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தபால்தலையோடு கப்பல் கம்பெனிக்குப் போனாள்.

"அது வெளுக்கல. அசல் அச்சுப்பிழை. பார்த்ததுமே எனக்குத் தெரியும்."

தங்கை கடிதக்கட்டை மேசைமேல் வைத்தாள். "பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"நான் முப்பது வருஷம் தேடினேன். உனக்கு எட்டு மாசத்துல கிடைச்சிடுச்சு. தாங்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"அதான் கேக்க முடியல."

தங்கை தபால்தலையை வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தாலும் அக்காவின் வீட்டுக்காரரிடம்தான் பேசினாள்.

சங்கத்தின் கண்காட்சியில் முதல் பரிசு அந்தத் தபால்தலைக்குத்தான். "இது வெளுத்தது இல்லன்னு யார் உறுதி பண்ணாங்க?" என்று நடுவர் கேட்டார்.

"எங்க அக்கா" என்றாள் தங்கை. குரலில் குழைவும் இல்லை, குத்தலும் இல்லை.

அக்கா கைதட்டினாள். எரிச்சல் அடங்கிவிட்டது என்றால் பொய். கூட்டம் கலைந்ததும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"கண்ணாடித்தாள் பைக்குள்ள தபால்தலை லேசா சாஞ்சிருக்கு."

தங்கை சட்டத்தைத் திறந்து இடுக்கியை நீட்டினாள். "நீயே சரி பண்ணு. நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்."