முக்கால் இஞ்ச்

வெட்டிய துணியை விரித்துப் பார்த்தபோது இரண்டு தோள்களும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன. வேறு எந்தப் பெண்ணின் ரவிக்கையாக இருந்தாலும் அருணாதேவி திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். இது மகள் ஆர்த்தியின் ரவிக்கை.

ஆர்த்திக்கு இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம். எட்டாம் வகுப்பில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கிறது, ஆபத்தில்லை, இப்படியே இருந்துவிடும் என்றார். அன்றிலிருந்து மகளுக்குக் கடையில் ஒரு துணி எடுத்ததில்லை. வேங்கிக்கால் வீட்டு முன்னறையில் தெருவுக்கே தைக்கிறவள், ஆர்த்திக்கு மட்டும் செய்தித்தாளில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பேப்பர் கட்டிங் வைத்திருந்தாள். துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, பக்கம் பக்கமாக வெட்டுவாள். தைத்ததைப் போட்ட பிறகு, துப்பட்டாவுக்கோ முந்தானைக்கோ அடியில் இடது தோள்மேல் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் பேட். ஆர்த்தி மூன்று வருஷமாக வேலை பார்க்கும் லேபில்கூட யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அருணாதேவி பன்னிரண்டு வருஷமாக மறைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

எல்லாம் அந்த போனால் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் பையனின் அம்மா சந்திரம்மாள் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழம பௌர்ணமிங்க. கிரிவலக் கூட்டத்துல கார ஊருக்குள்ளயே உடமாட்டாங்க. நாளைக்கே வந்துடட்டுமா?"

"தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த கையோடு கத்தரியை எடுத்தாள். வாரம் முழுக்க ஊரார் துணியை மடித்து மடித்து வெட்டிய கை, இதையும் மடித்துவிட்டது. மேலே குத்தியிருந்தது இடதுபக்கத் தாள். வலதுபக்கத் தாள் மெஷின்மேல் அப்படியே கிடந்தது. வலதை வைத்து வெட்டியிருந்தாலாவது இடதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். இறங்கின தோளுக்கு ரெண்டையும் வெட்டிவிட்டு, குறைந்த முக்கால் இஞ்சுக்கு இனி எங்கே போவது? புடவையோடு வந்த ரவிக்கைத் துணி. மிச்சம் இருந்ததில் ஒரு பொம்மைக்குக்கூடத் தைக்க முடியாது.

மத்தியானம் சாப்பிட வந்த குமரேசன் மனைவியின் முகத்தையும் மெஷின்மேல் கிடந்த வலதுபக்கத் தாளையும் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"பேசாம அவங்ககிட்ட சொல்லிடலாம், தேவி."

"போன வருஷம் வந்தவங்ககிட்ட சொன்னமே, இன்னா ஆச்சு? மறுநாளே ஜாதகம் சரியில்லன்னாங்க. பொருத்தம் பாத்து, தேதி வெச்ச ஜாதகம்!"

அருணாதேவி அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். தான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே, தைத்ததோடு சரி என்று தனக்குத்தானே வாதாடினாள். வாதம் எடுபடவில்லை. பயம் பயமாகவே இருந்தது.

கடைசியில் புதுப்புடவையில் இடுப்புக்குள் செருகும் முனையிலிருந்து ஒரு பட்டையை வெட்டினாள். கட்டுவதற்கு முன்பே புதுப்புடவையில் கத்தரி வைக்கலாமா? 'அண்ணாமலையாரே, கண்டுக்காத' என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். கத்திரிப்பூ நிறம் அப்படியே பொருந்தியது. ஆனால் பட்டையை வலது தோளில் ஒட்டுப்போட்டுத் தைத்த இடத்தில் கோடு ஒன்று விழுந்தது. தேய்த்தும் போகவில்லை. வலது தோள், முந்தானை மூடாத தோள்.

சாயங்காலம் லேபிலிருந்து வந்த ஆர்த்தியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். வாயில் குண்டூசிகளோடு சுற்றிச் சுற்றி வந்தாள். கைக்குழியில் ஒரு சுருக்கம் இல்லை. முதுகில் இழுப்பு இல்லை. அந்தக் கோடு மட்டும்தான்.

"நேரா நில்லு, கண்ணு."

"நேராத்தாம்மா நிக்கறேன்."

ஆர்த்தி கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை 'நேரா நில்லு' என்றிருப்போம் என்று அருணாதேவிக்குத் தோன்றியது. ஒரு குண்டூசி உதட்டில் குத்தியது. ரவிக்கையைக் கழற்றி வாங்கிக் கீழே உட்கார்ந்து, பாக்கியிருந்த ஹெம்மிங்கைத் தைத்தாள்.

மறுநாள் ஒன்பதரைக்கெல்லாம் புடவை கட்டி முடித்தாயிற்று. மல்லிகைச் சரத்தை வலது தோள் வழியாக முன்னால் எடுத்துப் போட்டு ஒட்டை மறைத்தாள். இடது தோள்மேல் பேடை வைத்து, முந்தானை மடிப்பை அடுக்கி, சேஃப்டி பின் குத்தினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். சமமாக இருந்தது. ஆனால் பூ நழுவினால்? நமஸ்காரம் பண்ணக் குனியும்போது பேட் நகர்ந்தால்? சந்திரம்மாள் ஆசையாகத் தோளில் கை வைத்துவிட்டால்?

வாசலில் கார் நின்றது. "வாங்க, வாங்க" என்று குமரேசன் ஓடுவது கேட்டது.

ஆர்த்தி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பிறகு பின்னைக் கழற்றி, மடிப்புக்கு அடியிலிருந்து பேடை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதே மடிப்பை அதே இடத்தில் மறுபடி குத்திக்கொண்டாள். முந்தானை முக்கால் இஞ்ச் இறங்கி உட்கார்ந்தது.

"ஏய், ஆர்த்தி... வேணாண்டி. வந்துட்டாங்க."

"இது இல்லாமயே ரவிக்க அம்சமா நிக்குதும்மா. நீ தச்சது."

பூவையும் பின்னால் தள்ளிவிட்டு அவள் காபித் தட்டை எடுக்கச் சமையலறைக்குள் போனாள். கூடத்தில் செருப்புகள் கழலும் சத்தம், நாற்காலிகள் இழுபடும் சத்தம். "பொண்ணோட அம்மா எங்க?" என்று சந்திரம்மாளின் குரல். அருணாதேவி கதவருகில் நின்றாள். கைக்குள் இருந்த பேடை இறுக்கி அமுக்கினாள். விட்டதும் அது மெல்ல எழும்பி, மகளின் தோள் வடிவத்துக்கே வந்து நின்றது.