ரஸ்னியின் சுருதி

பள்ளிவாசலில் மதிய பாங்கு தொடங்கியதும் கல்யாண மேடையில் பாட்டு நின்றது. தர்சிம் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். யாருடைய கைகளோ போலிருந்தன.

இந்தோனேசியக் கல்யாணங்களில் ஆடுவதற்கென்றே பாடும் டாங்டுட் பாட்டு, காலையிலிருந்து பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவதை மணப்பெண்ணின் அம்மா சிகரெட் அட்டையில் எழுதி அனுப்பியிருந்தார். கூரை ஒழுகினால் ஒழுகட்டும், வாளி வைக்க நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்கிற பாட்டு. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் ரஸ்னி பாடியது.

ரஸ்னி தர்சிமின் மனைவி. இறந்து ஏழு மாதம் ஆகிறது. துணிமணிகளை அவள் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். அந்தப் பாட்டுக்காக அவள் குரலுக்கு அமைத்த சுருதி மட்டும் கீபோர்டில் ஏழாம் எண்ணில் சேமித்தபடியே இருந்தது. அதை அவன் தொடவில்லை.

புதுப் பாடகி ஈகா பக்கத்தில் வந்து நின்றாள். போன இரண்டு கல்யாணங்களிலும் இதே பாட்டின் உச்சியில் அவள் குரல் உடைந்திருந்தது.

“அண்ணே, ஒன்றரைக் கட்டை இறக்குங்கண்ணே.”

“பழகினா எட்டும்.”

“எனக்குத் தொண்டைதாண்ணே இருக்கு, ஏணி இல்ல.”

அறிவிப்பாளர் கஸ்பின் அட்டையால் விசிறிக்கொண்டே வந்தார். “டேய் தர்சிம், இவ இன்னைக்கும் சொதப்பினா வேற பாடகியப் பாக்கறேன்னு குழு முதலாளி சொல்லிட்டாரு. இவளும் சோறு திங்க வேணாமா?”

“வேற பாட்டு குடுங்க.”

“பொண்ணோட அம்மா கேட்டிருக்கு. நீயே போய் முடியாதுன்னு சொல்லேன்.”

தர்சிம் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாவிடம் போக அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்.

“ரஸ்னி அக்கா மாதிரி எனக்கு வராதுண்ணே,” என்றாள் ஈகா. “என்னை மாதிரியாவது பாடிக்கறேனே.”

பாங்கு முடிந்து, தொழுதவர்களும் திரும்பி வந்தார்கள். கஸ்பின் பாட்டை அறிவித்தார். தர்சிம் பொத்தானை அரைக்கட்டை வீதம் மூன்று முறை அழுத்திச் சுருதியை இறக்கினான்.

விரல்கள் பழைய விசைகளிலேயே நடந்தன. சத்தம் மட்டும் கீழே எங்கோ கேட்டது.

நடுவில் ஆண் பாட வேண்டிய நான்கு வரிகள். அவற்றையும் ரஸ்னியேதான் பாடுவாள். “நீங்க ஒரு வரி பாடினா கீபோர்டு கோவிச்சுக்குமா?” என்பாள். உன் சுருதி எனக்கு எட்டாது என்பான் இவன். இறக்கு என்று அவள் கேட்கவில்லை. இறக்கலாம் என்று இவனுக்குத் தோன்றவும் இல்லை.

இப்போது அந்த வரிகள் சரியாக அவன் தொண்டைக்கு வந்து நின்றன. ஈகா மைக்கை நீட்டினாள். வேண்டாமென்று தலையசைத்தான். அவளே பாடினாள். உச்சியிலும் குரல் உடையவில்லை. வாளி வரி இரண்டாம் முறை வந்தபோது, மைக்குக்கு எட்டாமல், அவனும் கூடவே முணுமுணுத்தான்.

“அண்ணே, இதையே சேமிச்சு வைங்க. அடுத்த வாரமும் கேப்பாங்க,” என்றாள் ஈகா, வியர்வையைத் துடைத்தபடி.

எட்டாம் எண் காலியாகத்தான் இருந்தது. அவன் ஏழிலேயே, பழையதன் மேல் சேமித்தான்.

கஸ்பின் அடுத்த சீட்டைப் படித்தார். தர்சிம் கைகளை மறுபடி விசைகள் மேல் வைத்தான்.