பவளக் குடும்பத்தின் மீள்குடியேற்றம்

சண்டை முடிந்து மூன்று மாதம். கடலில் இறங்க இன்னும் இராணுவத்தின் பாஸ் வேண்டும். பாஸ் இல்லாவிட்டால் உதயரூபனுக்கு ஆய்வு இல்லை; ஆய்வு இல்லாவிட்டால் வந்தாறுமூலைக் கம்பஸில் இன்னொரு வருடப் படிப்பு. வாடைக்காற்று தொடங்கினால் பாசிக்குடாக் கடல் கலங்கி ஒன்றும் தெரியாது. ஆகவே முகாமில் தந்த படிவத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தை மிகக் கவனமாக நிரப்பினான்: ‘சுனாமியால் சேதமுற்ற மென்பவளக் குடியிருப்புகளின் மீள்குடியேற்றம். உயிருடனுள்ளவை, இறந்தவை, காணாமற்போனவை கணக்கெடுப்பு.’

மென்பவளம் ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்தார் மொழிபெயர்ப்பாளர் சாலிஹ்.

“எத்தின குடும்பம், தம்பி?”

“ஒரே குடும்பந்தான், சாலிஹ் நானா. முப்பத்தொரு குடியிருப்பு.”

பவளங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தே நாலு வருடம் படித்தவனுக்கு வேறு பதில் வரவில்லை.

“காணாமப் போனது?”

“போய்ப் பாத்தாத்தான் தெரியும். சண்டைக்குள்ள எண்ண விடல்லயே.”

சாலிஹ் இதைச் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரியின் பேனை நின்றது. உதயரூபன் அவசரமாகப் பவளத்தைப் படமாகக் கீறிக் காட்டினான். அது முட்டைக்கோவாவைப் போல வந்தது. கடலுக்கடியில் ஏன் கோவா என்று ஒரு மணித்தியாலம் விசாரணை நடந்தது. கடைசியில் பாஸ் கிடைத்தது: ஒரே நாள், பகல் பன்னிரண்டு வரை. ‘காணாமற்போனவை’யை மட்டும் அதிகாரி வெட்டிவிட்டார். உயிர், சாவு, இரண்டும் போதுமாம்.

தோணி புளியந்தீவுப் பறங்கியரான ஹேர்பர்ட்டுடையது. சுனாமிக்கு முன் யாரோ கல்லில் ஆணியடித்துக் குறித்த முப்பத்தொரு இடத்திலும் உதயரூபன் மூழ்கிப் பார்த்தான். பத்தொன்பது உயிரோடு இருந்தன. கிழிந்த அடியிலிருந்து இரண்டு மூன்று தலை முளைத்து நீரோடு ஆடின. ஐந்து அழுகிக் கரைந்துகொண்டிருந்தன. மிச்சம் ஏழு இடத்தில் வெறும் ஆணி. மென்பவளத்துக்குக் கல்லெலும்புக்கூடு இல்லை. செத்தாலும் அடையாளம் வைக்காது.

“அந்த ஏழயும் செத்ததுக்குள்ள போட்டுட்டு ஏறு மகன். ஆர் வந்து பாக்கப்போறான்?” என்றார் ஹேர்பர்ட்.

சுனாமி அலை கொண்டுபோன தன் தம்பி ஷோனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி மாவட்டக் கச்சேரியிலிருந்து மூன்று கடிதம் வந்தும் இன்றுவரை போகாத மனிதர் அவர். உதயரூபன் ஏறித் தோணி விளிம்பில் உட்கார்ந்தான்.

“கிழிஞ்ச துண்டு போய் வேற கல்லில ஒட்டியிருக்கும், அங்கிள். அப்பிடி ஒட்டும்.”

ஹேர்பர்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. கரைக்குப் போகவே இருபது நிமிடம் பிடிக்கும்.

“எந்தப் பக்கம் ஒட்டும்?”

நீரோட்டம் போகும் பக்கத்தை உதயரூபன் காட்டினான். தோணி அந்தப் பக்கம் திரும்பியது. கரை அந்தப் பக்கம் இல்லை.