சைவ மட்டனும் ஆறாத புண்ணும்

“தினமும் மட்டன்தான் மிஸ் போடறேன். அப்புறமும் சத்து இல்லைன்னா எப்படி?”

புனிதாவின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. மருத்துவமனையின் உணவு ஆலோசகரான ஃபஹீமா, கையிலிருந்த குறிப்பை மீண்டும் பார்த்தார்.

“மட்டனா? அங்கிள் இறைச்சி, மீன், முட்டை, பால் எதையுமே தொடறதில்லைன்னு போட்டிருக்கே அக்கா?”

“சைவ மட்டன் மிஸ். புரட்டாசியில எல்லார் வீட்லயும் ஆக்கறதுதானே? சீனர் சைவக் கடையில பாக்கெட்டா வாங்குவேன். மசாலா போட்டுப் பெரட்டினா நெஜ மட்டன் தோத்துடும்.”

பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அவள் கணவர் சபாபதி பெருமையாகத் தலையாட்டினார். அவருடைய இடது காலில் தடித்த கட்டு. சர்க்கரை நோயால் பெருவிரலை எடுத்து இரண்டு மாதம் ஆகியும் புண் மூடவில்லை. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் கணுக்கால்வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் புரதம் மிகக் குறைவு, சதை எதைக்கொண்டு வளரும் என்று கேட்டிருந்தார்.

புனிதா கொண்டுவந்திருந்த டிபன் கேரியரை ஃபஹீமா திறக்கச் சொன்னார். ஒரு துண்டைக் கரண்டியால் எடுத்துப் பிய்த்தார். நார் நாராக வந்தது.

“அக்கா, இது காளான் தண்டு. சோயாவுல செய்யறதும் உண்டு, அதுல சத்து இருக்கும். இது ருசிக்கு மட்டும்தான்.”

புனிதா அந்த நாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாகக் கணவரின் நாக்கைத்தான் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“முட்டை வெள்ளை மட்டுமாவது சாப்பிடுங்க அங்கிள்.”

“வேணாம் மிஸ்.”

“அப்போ டெம்பே, சோயா, பருப்பு, வேர்க்கடலை. எல்லாமே கூடுதலா, மூணு வேளையும்.”

“டெம்பேயா? அந்த ஊசிப்போன சோயாவா? பாசார் கடையில பார்த்தாலே மூக்கைப் பிடிச்சிக்குவேன் லா.”

“உங்களுக்குக் கால் வேணுமா, மூக்கு வேணுமா?”

சபாபதி சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை.

சபாபதி கோழி லோரி ஓட்டியவர். போன வருடம் தெலுக் பங்லிமா காராங் சாலையில், மழையில் லோரி கவிழ்ந்தது. அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. நசுங்கிய கூண்டுகளைப் பிரித்து, உயிரோடிருந்த கோழிகளை வெறுங்கையால் வெளியே இழுத்தார். பெரும்பாலானவை அவர் கையிலேயே உயிர்விட்டன. அன்றிலிருந்து, உயிர்களிடமிருந்து எடுக்கும் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். லோரியையும் விட்டார்.

கடையில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிப்பதில்லை. பால் கலக்கவில்லை என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். புனிதா நீட்டினால் மட்டும் கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

அன்று பிற்பகல், கிள்ளானில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் புனிதாவின் தம்பி கமலநாதன் வந்தான். நேரே சமையலறைக்குள் நுழைந்தான்.

“அக்கா, தோசை மாவுல முட்டை வெள்ளையை அடிச்சி ஊத்து. வெங்காயம், மிளகாய் போட்டா யாருக்குத் தெரியும்?”

“பாவம்டா.”

“காலை வெட்டினா பாவம் இல்லையா? மாமா உன்னை நம்பறாரு இல்ல? அந்த நம்பிக்கையிலேயே காப்பாத்து.”

அவன் போன பிறகு புனிதா கீழ்வீட்டுக் கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தாள். ஒரு வருடமாக முட்டை நுழையாத வீடு. ஓடு உடைந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள். சபாபதி தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

தோசை மெத்தென்று வந்தது. தட்டில் வைத்து நீட்டினாள்.

“என்ன புனிதா, இன்னிக்கு இவ்ளோ பூவாட்டம் இருக்கு!” என்றார். விண்டு சட்னியில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோனார்.

புனிதா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“வேணாங்க. அதுல முட்டை இருக்கு. நான்தான் கலந்தேன்.”

சபாபதி துண்டை மெதுவாகத் தட்டில் போட்டார். தொலைக்காட்சியை அணைத்தார்.

“ஏன் சொன்னே? சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்குத் தின்னிருப்பேனே.”

“அதுக்குத்தான் சொன்னேன்.”

தட்டை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அந்தக் கோழிங்களுக்காக முட்டை வேணாம்னீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ஆனா டெம்பேயில எந்த உயிரு இருக்கு? நாத்தம்னு ஒதுக்கறீங்க. நாத்தத்துக்காகக் காலைக் கொடுப்பீங்களா? அப்புறம் உங்களைக் குளிக்கத் தூக்கிட்டுப் போகப்போறது யாரு? நான்தானே?”

சபாபதி கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“வாங்கிட்டு வா,” என்றார்.

டெம்பேயை மெல்லியதாக நறுக்கி, பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்க்காமல் மிளகாய்ச் சம்பலில் பிரட்டினாள். முதல் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாம் நாள் குமட்டி எழுந்தார், வாயைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கெட்டிப் பருப்பு, சோயா உருண்டை, சர்க்கரை போடாத சோயாப் பால். சைவ மட்டன் அந்த வீட்டில் நின்றுபோனது.

மறு பரிசோதனை நாளில் தாதி கட்டைப் பிரித்தபோது புனிதா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாம்பல் நிறத்தில் கிடந்த குழியின் அடியில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். “இன்னும் மூடல. மாசக்கணக்குல ஆகும். ஆனா இப்போதைக்கு வெட்டற பேச்சு இல்ல. இதே சாப்பாட்டை விடாதீங்க.”

சபாபதி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். புனிதா அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு பரிமாறித் தட்டை அவர் முன் வைத்தாள். அவர் கை தட்டுக்குப் போகவில்லை. அந்தத் தோசைக்குப் பிறகு எந்த வேளையும் அப்படித்தான்.

“இதுல என்ன இருக்கு?” என்று சாந்தமாகவே கேட்டார்.

புனிதா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டு முடித்த பிறகே அவர் முதல் கவளத்தை எடுத்தார்.